ஓவியம் சுவரில், ஓவியர் வாசலில்

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்டு கவிதைக்கு இலக்கணம் வகுத்த மரபு நம்முடையது. மலையும் காடும் வயலும் கடலும் மணலும் பாட்டுக்கு அமைந்த திரைச்சீலைகள் அல்ல. அங்கு வாழும் மாந்தரின் தெய்வமும் தொழிலும் பறையும் யாழும் ஒழுக்கமும் அவற்றிலிருந்தே பிறக்கின்றன என்று நாம் கற்றிருக்கிறோம். இத்தகைய மரபில் வந்தவர்கள், நிலமே சட்டம், நிலமே நூல், நிலமே உறவு என்று பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்த வேறொரு மக்களின் கதையை அறிந்துகொள்வது பொருத்தமுடையது. ஆஸ்திரேலியாவின் ஆதிக்குடிகளைப் பற்றியே இங்குச் சொல்ல விழைகிறேன். அவர்களுடைய வரலாறு முழுவதையும் ஒரு மலர்க் கட்டுரையில் அடக்குதல் இயலாது. ஆகவே ஓர் ஓவியரின் வாழ்வை நடுவில் நிறுத்தி, அதைச் சுற்றி வேறு சில செய்திகளைக் கோத்துத் தருகிறேன்.

அதற்குமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவது நல்லது. தமிழருக்கும் இம்மக்களுக்கும் பழைய உறவு உண்டு என்ற பேச்சு நம்மிடையே அவ்வப்போது எழுவதுண்டு. 1856-இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல், ஆஸ்திரேலிய மொழிகளின் மூவிடப் பெயர்களுக்கும் திராவிட மொழிகளின் மூவிடப் பெயர்களுக்கும் ஒப்புமை இருப்பதைச் சுட்டிச் சென்றார். இன்றைய மொழியியலார் அவ்வுறவை ஏற்பதில்லை. ஏற்காததனால் நமக்கு இழப்பு ஒன்றுமில்லை. ஒரு மக்களின் துயரை உணர்வதற்கு அவர்கள் நமக்குப் பங்காளிகளாக இருந்தாக வேண்டும் என்பதில்லை.

ஆளில்லா நிலம்

1788 சனவரி 26 அன்று, பதினொரு கப்பல்களில் வந்திறங்கிய பிரித்தானியர் சிட்னித் துறையில் தங்கள் கொடியை ஏற்றினர். அந்நாளில் அக்கண்டத்தில் 250-க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்பட்டன. வடபகுதியில் மட்ஜெட்பெபே என்னும் பாறைக் குடைவில் நடந்த அகழாய்வைக் கொண்டு, மனிதர் அங்கு ஏறத்தாழ 65,000 ஆண்டுகளுக்கு முன்பே வாழ்ந்தனர் என்று 2017-இல் வெளியான ஆய்வு கணித்தது. இத்தனை மொழிகளும் இத்தனை ஆண்டுகளும் வந்தவர்களின் சட்டத்துக்குப் புலப்படவில்லை. வேலி இல்லை, உழவு இல்லை, பத்திரம் இல்லை. ஆகவே அது எவருக்கும் உரிமையில்லாத நிலம் என்று கொள்ளப்பட்டது. இந்தப் பொய் 204 ஆண்டுகள் சட்டமாக நின்றது. டோரஸ் நீரிணைத் தீவினரான எடி மாபோவும் அவருடைய தோழர்களும் தொடுத்த வழக்கில், 1992 சூன் 3 அன்று நாட்டின் உயர்நீதிமன்றம் அதனைத் தள்ளுபடி செய்தது. தீர்ப்பைக் கேட்க மாபோ உயிரோடு இல்லை. அதே ஆண்டு சனவரியில் அவர் காலமாகிவிட்டார்.

நிலத்தைப் பறித்தவர்கள் அடுத்துப் பிள்ளைகளைப் பறித்தார்கள். கலப்புப் பிறப்புடைய குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்து விடுதிகளிலும் வெள்ளையர் இல்லங்களிலும் வளர்ப்பது அரசின் கொள்கையாக இருந்தது. 1910-க்கும் 1970-க்கும் இடைப்பட்ட காலத்தில் ஆதிக்குடிக் குழந்தைகளில் பத்தில் ஒருவர் முதல் மூவரில் ஒருவர் வரை இவ்வாறு பிரிக்கப்பட்டதாக 1997-ஆம் ஆண்டின் விசாரணை அறிக்கை மதிப்பிட்டது. 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார்.

ஒட்டகம் ஓட்டியவர்

கண்டத்தின் நடுவே, செம்மண்ணும் செம்பாறையும் நிறைந்த பாலையில், ஹெர்மன்ஸ்பர்க் என்றொரு லூதரன் மிஷன் இருந்தது. 1877-இல் ஜெர்மானியப் பாதிரிமார் நிறுவியது. மேற்கு அரெண்டே மக்களின் நிலம் அது. 1902-இல் அங்குப் பிறந்தார் நமட்ஜிரா. பெற்றோர் கிறித்தவம் தழுவியபோது பிள்ளைக்கு ஆல்பர்ட் என்று பெயரிடப்பட்டது. மிஷன் பள்ளியில் பாடமும், பெரியவர்களிடம் குலத்தின் சடங்கும் கதையும் நிலத்தின் வழிகளும் கற்றார். பதினெட்டாம் வயதில், குலமரபு விலக்கிய வகையில் ஒரு பெண்ணை மணந்து சில ஆண்டுகள் ஊரைவிட்டு ஒதுங்கி வாழ்ந்தார். தச்சு, கருமான் வேலை, கால்நடை மேய்த்தல், ஒட்டகம் ஓட்டுதல் என்று கிடைத்த தொழிலெல்லாம் செய்தார்.

1930-களில் மெல்பர்ன் பக்கத்திலிருந்து ரெக்ஸ் பேட்டர்பீ என்ற வெள்ளை ஓவியர் அப்பகுதிக்கு வந்து நீர்வண்ணத்தில் மலைகளைத் தீட்டினார். மிஷனில் அவர் வைத்த காட்சியைக் கண்ட நமட்ஜிராவுக்கு ஆவல் பிறந்தது. 1936-இல் பேட்டர்பீயின் பயணத்துக்கு ஒட்டகம் ஓட்டி வழிகாட்டினார். கைம்மாறாக நீர்வண்ணம் தீட்டக் கற்றார். இரண்டு மாதப் பயணம் அது. இரண்டே ஆண்டுகளில், 1938-இல், மெல்பர்னில் அவருடைய முதல் தனிக் கண்காட்சி நடந்தது. வைத்த 41 ஓவியங்களும் விற்றுத் தீர்ந்தன.

வெண்மையான மேனியுடைய யூக்கலிப்டஸ் மரம் முன்னால், ஊதாநிற மலைத்தொடர் பின்னால், நடுவே சிவந்த மண் என்று அமைந்த அவருடைய ஓவியங்கள் ஆஸ்திரேலிய வீடுகளின் வரவேற்பறைதோறும் அச்சுப் படங்களாகத் தொங்கின. இங்கிலாந்து அரசியின் முடிசூட்டுப் பதக்கம் 1953-இல் அவருக்குக் கிடைத்தது. 1954-இல் கான்பெராவில் அரசியை நேரில் கண்டார். விமரிசகர் சிலர் அவரை மெச்சவில்லை. வெள்ளையன் கலையை நன்றாகப் பார்த்து எழுதுகிறான், அவ்வளவுதான் என்றார்கள். இருபுறமும் கூர்மையுடைய கத்தி இது. பழைய வகையில் எழுதினால் அது கலையாகாது, இனவியல் பொருள். புதிய வகையில் எழுதினால் அது சொந்தக் கலையாகாது, நகல். விமரிசகர் காணத் தவறியது ஒன்று உண்டு. அவர் தீட்டிய மலைகள் கண்ணுக்கு இனியவை என்பதற்காகத் தேர்ந்தவை அல்ல. தந்தை வழியாலும் தாய் வழியாலும் அவருக்கு உரிமையும் கடமையும் உள்ள இடங்கள் அவை. முன்னோர் நடந்து, படுத்து, மலையாக உறைந்த இடங்கள். ஐரோப்பிய நீர்வண்ணத்தில் அவர் எழுதிவைத்தது தமது நிலத்தின் உரிமைப் பதிவை.

அந்த உரிமை தாளில் மட்டுமே செல்லுபடியானது. ஓவியத்தில் ஈட்டிய பணத்தைக் கொண்டு மேய்ச்சல் நிலம் ஒன்றைக் குத்தகைக்குக் கேட்டார், மறுக்கப்பட்டது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் வீடு கட்ட முயன்றார். அதற்கும் சட்டம் இடந்தரவில்லை. அவருடைய ஓவியம் தொங்கிய வீடுகள் இருந்த ஊரில் ஓவியருக்கு வீடில்லை. ஊருக்கு வெளியே ஓர் ஊற்றங்கரையில் கூடாரமிட்டுத் தங்கினார்.

ஒரு புட்டி ரம்

அந்நாளில் வடபுலப் பகுதியில் ஆதிக்குடிகளில் பெரும்பாலோர் அரசின் காப்புக்குட்பட்டோர் என்று பெயர்ப் பட்டியலில் பதியப்பட்டிருந்தனர். வளர்ந்த ஆணும் பெண்ணும் சட்டத்தின் கண்ணில் சிறுவர்களே. எங்கு வசிப்பது, யாரை மணப்பது, சம்பாதித்ததை எப்படிச் செலவிடுவது என்பவற்றில் அதிகாரியின் கை இருந்தது. நாடறிந்த ஓவியர் இப்பட்டியலில் இருப்பது அரசுக்கே கூச்சமாயிற்று. 1957-இல் நமட்ஜிராவையும் அவர் மனைவியையும் பட்டியலிலிருந்து விலக்கி முழுக்குடிமை அளித்தனர். வாக்களிக்கலாம், நகருக்குள் வரலாம், மது வாங்கலாம். வளர்ந்த பிள்ளைகளும் உறவினரும் பட்டியலிலேயே இருந்தனர்.

இவ்விடத்தில்தான் இரண்டு சட்டங்கள் ஒரு மனிதருக்குள் மோதிக்கொண்டன. அரெண்டே மக்களின் சட்டப்படி, கையில் உள்ளதை உறவினருடன் பகிராதவன் மனிதனே அல்லன். அவருடைய வருமானம் பெருஞ்சுற்றம் முழுவதற்கும் பங்காயிற்று. அது குறித்து அவர் முறையிட்டதில்லை, முறையிடவும் முடியாது. வெள்ளையர் சட்டப்படியோ, காப்புப் பட்டியலில் உள்ள ஒருவருக்கு மது கொடுப்பது சிறைக்குரிய குற்றம். அரசு அவருக்குத் தந்த குடிமை, தம் சொந்த மக்களுடன் ஒரே பந்தியில் அமர்வதைக் குற்றமாக்கிய குடிமை.

1958-இல் அவர் தங்கியிருந்த முகாமில் குடிபோதையில் நேர்ந்த ஒரு கொலை, பழியை அவர்மீது திருப்பியது. அதன்பின், உறவினரான வேறோர் ஓவியர் எடுத்துக் குடிக்கும்படி ஒரு புட்டி ரம்மைக் காரின் இருக்கையில் விட்டுவைத்தார் என்று அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. ஆறு மாதக் கடுங்காவல் தண்டனை. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. மேல்முறையீட்டில் அது மூன்று மாதமாகக் குறைந்தது. உயர்நீதிமன்றம் அதற்குமேல் தலையிட மறுத்தது. சிறைச்சாலைக்குப் பதிலாகப் பபுன்யா என்னும் ஆதிக்குடிக் குடியிருப்பில் ஏறத்தாழ இரண்டு மாதம் தண்டனையைக் கழித்து, 1959 மே மாதத்தில் வெளிவந்தார். அவ்வாண்டு ஆகஸ்டு 8 அன்று இறந்தார். வயது 57.

இறந்த பின்னும் கதை முடியவில்லை. 1957-இல் அவர் தம் ஓவியங்களின் பதிப்புரிமையைப் பற்றி ஓர் அச்சு நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்திருந்தார். அவருடைய உடைமையை நிர்வகித்து வந்த அரசுப் பொறுப்பாளர் 1983-இல் எஞ்சிய பதிப்புரிமை முழுவதையும் 8,500 டாலருக்கு விற்றுவிட்டார். தாத்தனின் ஓவியம் அச்சேறும்போது பேரப்பிள்ளைகளுக்கு அதில் ஒரு காசும் உரிமையில்லை என்றாயிற்று. நெடுநாள் போராட்டத்துக்குப் பின் 2017 அக்டோபரில் அவ்வுரிமை குடும்பத்தாரின் அறக்கட்டளைக்கு ஒரு டாலருக்குத் திரும்பி வந்தது.

ஒரு கோப்பை மது

கவிஞர்கள் நிறைந்த அவையில் ஊட்ஜெரூ நூனக்கல்லைப் பற்றிச் சொல்லாமற்போவது முறையன்று. 1920-இல் பிறந்தவர், குவீன்ஸ்லாந்துக் கரையோரத்து மின்ஜெரிபா தீவினர், கேத் வாக்கர் என்ற பெயரில் முதலில் அறியப்பட்டவர். பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டு வீட்டு வேலைக்குச் சென்றார். இரண்டாம் உலகப் போரில் பெண்கள் படைப்பிரிவில் பணியாற்றினார். 1964-இல் அவருடைய முதல் கவிதைத் தொகுதி வெளிவந்தது. ஆஸ்திரேலிய ஆதிக்குடியினர் ஒருவரின் கவிதைகள் நூலாக அச்சேறியது அதுவே முதன்முறை. வாசகர்கள் அதை விரும்பி வாங்கினர். விமரிசகர் பலர் அது கவிதையன்று, பிரசாரம் என்றனர். பிரசாரம் என்ற சொல்லால் அடிக்கப்படாத எந்த ஒடுக்கப்பட்டவரின் கவிதையும் உலகில் இல்லை என்று தோன்றுகிறது.

1963-இல் ஆதிக்குடிகளின் உரிமை கோரிச் சென்ற தூதுக்குழுவில் அவரும் ஒருவராய் இருந்தார். பிரதமர் மென்சீஸ் உபசாரமாக அவருக்கு மது அளிக்க முன்வந்தபோது, எங்கள் குவீன்ஸ்லாந்தில் இதற்காக உங்களைச் சிறையில் அடைக்கலாம் என்று அவர் கூறிய செய்தி பலராலும் எடுத்துரைக்கப்படுவது. நமட்ஜிரா இறந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு புட்டிக்கு ஓவியர் சிறை சென்றார். ஒரு கோப்பையால் கவிஞர் பிரதமருக்குச் சட்டம் கற்பித்தார்.

1967 மே 27 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில், ஆதிக்குடிகளை மக்கள்தொகையில் எண்ணாது விலக்கிய பிரிவை நீக்கவும், அவர்களுக்காக மைய அரசு சட்டமியற்ற இடந்தரவும் 90.77 விழுக்காட்டினர் இசைந்தனர். அதற்காக நாடெங்கும் சுற்றிப் பேசியவர்களில் இக்கவிஞர் முன்னணியில் இருந்தார். வெள்ளையர் குடியேற்றத்தின் இருநூறாண்டு விழா நெருங்கியபோது, 1970-இல் தமக்கு அளிக்கப்பட்டிருந்த பிரித்தானியப் பட்டத்தைத் திருப்பி அனுப்பினார். பழைய பெயரைக் களைந்து தம் குலத்தின் பெயரைச் சூடிக்கொண்டார். ஊட்ஜெரூ என்பது அவர்கள் மொழியில் காகிதம்போல் பட்டை உரியும் ஒரு மரத்தின் பெயர். எழுதுகிறவருக்கு இதனினும் பொருத்தமான பெயர் அமைவது அரிது. 1993-இல் அவர் மறைந்தார்.

பட்டயமும் பணத்தாளும்

நமக்குப் பட்டயம் என்றால் செப்பேடு, கல்வெட்டு, பின்னாளில் பத்திரம். வடக்கே ஆர்னம் நிலத்தில் வாழும் யோல்ங்கு மக்களுக்குக் குலச்சித்திரமே பட்டயம். இன்ன நீர்நிலை இன்ன குலத்தது, அதன் கதையை எழுத இன்னார்க்கே உரிமை என்பது கோடுகளிலும் குறுக்குக் கட்டங்களிலும் பதிந்திருக்கிறது. 1963-இல் தங்கள் நிலத்தில் பாக்சைட் சுரங்கம் தோண்ட அரசு இசைந்தபோது, யிர்கலா ஊரினர் தங்கள் முறையீட்டைத் தம் மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதி, குலச்சித்திரங்கள் தீட்டிய மரப்பட்டையில் ஒட்டி நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். உறுப்பினர்கள் அதை வியந்து பார்த்தனர். சுரங்கம் நிற்கவில்லை. 1971-இல் வழக்கும் தோற்றது. அந்தப் பட்டைகள் இன்று நாடாளுமன்றக் கட்டடத்தில் காட்சிக்கு உள்ளன.

1966-இல் ஆஸ்திரேலியா பவுண்டை விட்டு டாலருக்கு மாறியது. புதிய ஒரு டாலர்த் தாளின் பின்புறம் அழகிய மரப்பட்டை ஓவியம் ஒன்று அச்சாகியிருந்தது. பெயரறியாத பழங்கலை என்று எண்ணி அதைப் பயன்படுத்திவிட்டார்கள். அதை எழுதியவர் டேவிட் மலாங்கி. ஆர்னம் நிலத்தில் உயிரோடு இருந்தார். கர்மிரிங்கு என்னும் முன்னோனின் ஈமச் சடங்கைக் காட்டும் அவ்வோவியத்தை எழுதும் உரிமை அவர் குலத்துக்கே உரியது. செய்தி வெளியானதும் மைய வங்கியின் ஆளுநர் கூம்ப்ஸ் அவருக்கு 1,000 டாலரும் ஒரு பதக்கமும் மீன்பிடி கருவிகளும் கிடைக்கச் செய்தார். நாட்டின் ஒவ்வொருவர் பையிலும் இருந்த ஓவியத்துக்கு ஓவியர் ஒருவர் இருக்கக்கூடும் என்று எவருக்கும் தோன்றாததுதான் இதில் சிந்திக்கவேண்டியது. அவமதிப்பு எப்போதும் வசைச்சொல்லாக வருவதில்லை. பெயர் கேட்க மறப்பதாகவும் வரும்.

இதனினின்று ஒரு வழக்குமுறை வளர்ந்தது. ஆதிக்குடி ஓவியர்களின் குலச்சித்திரங்களை இசைவின்றி நெய்து இறக்குமதி செய்த கம்பளங்கள்மீது தொடுக்கப்பட்ட வழக்கில், 1994-இல் ஓவியர்களுக்கு 188,000 டாலர் இழப்பீடு தீர்ப்பாயிற்று. முன்னோர் நடந்த வழியைப் பிறர் காலால் மிதிக்கும் கம்பளமாக்கியது பண இழப்பு மட்டுமன்று, பண்பாட்டுத் தீங்கு என்பதை அந்நீதிமன்றம் கருத்தில் கொண்டது.

தண்டனை நிலத்தில் தோன்றிய கலை

நமட்ஜிரா தண்டனை அனுபவித்த பபுன்யா எத்தகைய ஊர்? பல மொழிக் குலத்தாரைப் பாலையின் பல மூலைகளிலிருந்தும் கொணர்ந்து ஓரிடத்தில் குவித்த அரசுக் குடியிருப்பு அது. தங்கள் நிலத்தைவிட்டு வந்தோர் அங்கு நோயிலும் சோர்விலும் மடிந்தனர். 1971-இல் அவ்வூர்ப் பள்ளிக்கு ஜெஃப்ரி பார்டன் என்ற ஓவிய ஆசிரியர் வந்தார். அவருடைய ஊக்கத்தால் ஊர்ப் பெரியவர்கள் பள்ளிச் சுவரில் தேனெறும்புக் கனவுக் கதையைத் தீட்டினர். மணலிலும் உடலிலும் எழுதி அழிக்கப்பட்டு வந்த வட்டங்களும் வளைவுகளும் புள்ளிகளும் முதலில் பலகையிலும் பிறகு துணியிலும் ஏறின. 1972-இல் அவ்வோவியர்கள் தங்களுக்கென நிறுவனம் அமைத்தனர். புனிதச் செய்திகள் அயலார் கண்ணில் படலாகாது என்ற கவலை அவர்களிடையே எழுந்தது. எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பதை நாளடைவில் வகுத்துக்கொண்டனர்.

கிளிஃபோர்ட் பாசம் ஜபல்ட்ஜாரி 1977-இல் தீட்டிய வார்லுகுலாங் என்னும் பெரும்படம் முதலில் 1,200 டாலருக்கு விலைபோனது. 2007-இல் தேசியக் கலைக்கூடம் அதை 24 இலட்சம் டாலருக்கு ஏலத்தில் எடுத்தது. அதை எழுதியவர் 2002-இலேயே மறைந்துவிட்டார்.

அன்றாடம்

சட்டங்கள் மாறிவிட்டன, எனில் எஞ்சுவது என்ன? 1965-இல் சார்லஸ் பெர்கின்ஸ் என்ற ஆதிக்குடி மாணவர், சிட்னிப் பல்கலைக்கழகத் தோழர்களுடன் பேருந்தில் ஊர் ஊராகச் சென்றார். மோரி என்ற ஊரில் நகராட்சி நீச்சற்குளத்தில் ஆதிக்குடிப் பிள்ளைகளுக்கு இடமில்லை. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வாசலில் நின்று, கூச்சலுக்கும் கல்லெறிக்கும் இடையே உள்ளே நுழைந்தார். ஒரு குளத்துப் படிக்கும் ஒரு தேநீர்க் கடைக் குவளைக்கும் நம் நாட்டில் நடந்த போராட்டங்களை அறிந்தவர்க்கு இதை விளக்கத் தேவையில்லை.

வாசல்கள் திறந்த பின்பும் வாய்கள் மூடுவதில்லை. ஆடம் குட்ஸ் என்ற கால்பந்து வீரர் அந்நாட்டின் தலைசிறந்த விருதை இருமுறை பெற்றவர். 2013 மே மாதத்தில், ஆதிக்குடிகளைச் சிறப்பிக்கவென்றே நடத்தப்பட்ட ஆட்டத்தில், பார்வையாளர் வரிசையிலிருந்து பதின்மூன்று வயதுச் சிறுமி அவரைக் குரங்கென்றாள். அச்சிறுமியைப் பழிக்க வேண்டாம், அவளுக்குக் கற்பியுங்கள் என்ற கருத்தில் அவர் பேசினார். 2014-இல் ஆண்டின் சிறந்த ஆஸ்திரேலியர் என்ற சிறப்பும் பெற்றார். ஆயினும் வாய்திறந்து பேசிய குற்றத்துக்காக, 2015-இல் ஆட்டந்தோறும் அவர் கால் பந்தில் படும்போதெல்லாம் கூட்டம் ஊளையிட்டது. அவ்வாண்டின் முடிவில் அவர் விளையாட்டை விட்டார். 2019-இல் விளையாட்டுச் சங்கம் மன்னிப்புக் கேட்டது.

குட்ஸின் உருவத்தைத் தீட்டி 2020-இல் ஆர்ச்சிபால்டு பரிசை வென்றவர் வின்சென்ட் நமட்ஜிரா. அப்பரிசின் 99 ஆண்டு வரலாற்றில் அதைப் பெற்ற முதல் ஆதிக்குடி ஓவியர். ஆல்பர்ட்டின் கொள்ளுப்பேரன். தாயை இழந்து சிறுவயதிலேயே தொலைவிலுள்ள பெர்த் நகரில் அயலாரிடம் வளர்ந்து, இளைஞனான பின்னரே தம் மக்களைத் தேடி நடுநிலத்துக்குத் திரும்பியவர். கொள்ளுத்தாத்தன் மலைகளைத் தீட்டினார். கொள்ளுப்பேரன் முகங்களைத் தீட்டுகிறார்.

2023 அக்டோபர் 14 அன்று, ஆதிக்குடிகளுக்கு நாடாளுமன்றத்தில் ஆலோசனைக் குரல் ஒன்றை அரசமைப்பில் இடம்பெறச் செய்யலாமா என்று மக்களிடம் கேட்கப்பட்டது. ஏறத்தாழ அறுபது விழுக்காட்டினர் வேண்டாம் என்றனர். ஆறு மாநிலங்களும் மறுத்தன. ஓவியத்துக்கு 24 இலட்சம் கொடுக்கும் நாடு, ஓவியரின் யோசனையைக் கேட்க இசையவில்லை.

அன்பர்களே, தொலைநாட்டாரைக் குறைகூறி மகிழ்வதற்காக இதை எழுதவில்லை. நாகரிகமில்லாதவனைக் குறிக்க நம் பேச்சில் வழங்கும் சொல் எது என்று எண்ணிப் பார்த்தேன். காட்டான் என்கிறோம், காட்டுமிராண்டி என்கிறோம். முல்லையையும் குறிஞ்சியையும் தலைமேல் வைத்துப் பாடும் நாமே, அங்கு வாழ்பவன் பெயரை வசையாக வைத்திருக்கிறோம். திணை நம் ஏட்டில்; திணைமாந்தர் நம் வாசலில். நம் வட்டத்தின் அடுத்த பத்தாண்டுகளில், மலையைப் பாடும் கவிதையொன்று அரங்கேறும்போது, அந்த மலையில் இருப்பவர் ஒருவரும் அவையில் அமர்ந்து அதைக் கேட்க வேண்டும். பிழை இருந்தால் எழுந்து சொல்ல வேண்டும். அவர் பெயரைக் கேட்டு அறிந்துகொள்வதிலிருந்து தொடங்கலாம்.